பழனிப் பாதயாத்திரைக்குச் சாமான் வண்டி: எடை போடுவது முதல் ஒத்திகை நடை வரை

தைப்பூசத்தையொட்டி மதுரையிலிருந்து பழனிக்கு நடப்பவர்களின் பாதை சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு, சின்னாளபட்டி வழியாகத் திண்டுக்கல்லை அடைந்து, அங்கிருந்து ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று நீள்கிறது. மொத்தம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் நடந்து, நடுப்பகலில் ஒதுங்கி, மாலையில் மீண்டும் கிளம்பினால் மூன்று இரவுகளாவது வழியில் படுக்க வேண்டியிருக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சொல்வது சிறுமலை அடிவாரத்தில் வெட்டவெளியில் படுத்தவர்களுக்கு நன்றாகவே விளங்கும். ஜமுக்காளமும் கம்பளியும் தார்ப்பாயும் இல்லாமல் அங்கே விடியும்வரை கண் மூட முடியாது. இவற்றையெல்லாம் தோளில் சுமந்து நடந்தால் இரண்டாம் நாளே முழங்கால் வீங்கிவிடும். சாமான்களை லோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டால், குழுவில் மெதுவாக நடக்கும் முதியவர் நடுவழியில் குளிரில் உட்கார்ந்திருக்க, அவருடைய கம்பளி மட்டும் அடுத்த ஊர் மண்டபத்தில் காத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் கூடவே வரும் கைவண்டி தேவைப்படுகிறது.

அந்த வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது, தேவையானால் எப்படிச் செய்விப்பது என்பதைப் பத்துப் பேர் கொண்ட எங்கள் தெருக் குழுவின் அனுபவத்தை வைத்து இங்கே எழுதுகிறேன். முதல் ஆண்டு நாங்கள் கிடங்குகளில் மூட்டை நகர்த்தப் பயன்படும் தட்டையான தள்ளுவண்டி ஒன்றை வாங்கினோம். ஐந்து அங்குலச் சக்கரங்கள் நான்கு, அவற்றில் முன்னிரண்டும் சுழலக்கூடியவை. கடைக்குள் சிமென்ட் தரையில் ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது. சமயநல்லூரைத் தாண்டுவதற்குள் சுழலும் சக்கரங்களில் ஜல்லி சிக்கிச் சிக்கி வண்டி பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கியது. வாடிப்பட்டியில் நிறுத்திப் பார்த்தபோது, வேகவைத்த பனங்கிழங்கின் தோல் உரிவதுபோல் சக்கரத்தின் ரப்பர் வளையம் முழுதாக உரிந்து அச்சில் சுற்றிக் கிடந்தது. மீதித் தொலைவுக்கு ஆளுக்கொரு மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பெட்டியைப் பார்ப்பது எல்லோருக்கும் இயல்பு. எவ்வளவு கொள்ளும், எப்படி மூடும் என்று கேட்கிறோம். ஆனால் 120 கிலோமீட்டரைத் தீர்மானிப்பவை சக்கரமும், வண்டியை உடம்போடு இணைக்கும் ஏர்க்காலும்தான். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அவ்விரண்டையும் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் எடை

வண்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன் சாமான்களைத் தராசில் வைக்க வேண்டும். குழுவினர் அனைவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரவர் பையோடு வரச்சொல்லி, கொக்கியில் மாட்டும் கைத்தராசில் ஒவ்வொரு பையையும் தூக்கிப் பாருங்கள். எங்கள் குழுவில் ஆளுக்கு ஐந்து கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறோம்: ஒரு ஜமுக்காளம், ஒரு கம்பளி, மாற்று வேட்டி, துண்டு, சட்டை, சொந்த மருந்து. பத்துப் பேருக்கு 50 கிலோ. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் 20 கிலோவுக்குச் சற்று அதிகம். தார்ப்பாயை வாங்கும்போது நீள அகலத்தை மட்டும் கேட்காமல், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதையும் கேளுங்கள். பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடித் தார்ப்பாய் 20 சதுர மீட்டர் இருக்கும். அதை 120 கிராம் தரத்தில் எடுத்தால் இரண்டரைக் கிலோவுக்குள்ளும், 200 கிராம் தரத்தில் எடுத்தால் நான்கு கிலோவும் வரும். பனிக்கும் தரை ஈரத்துக்கும் மெல்லியதே போதுமானது. முருகன் படம், விளக்கு, எண்ணெய், முதலுதவிப் பெட்டி, பஞ்சர் சாமான், கயிறு எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோ என்று கொண்டால் மொத்தம் 85 கிலோவை ஒட்டி வருகிறது. வழிநெடுகிலும் அன்னதானம் நடப்பதால் அரிசியும் அடுப்பும் எடுத்துச் செல்வதை நாங்கள் விட்டுவிட்டோம். வண்டியின் எடை அப்போதே வெகுவாகக் குறைந்தது.

இரண்டு மூன்று பேர் மட்டும் செல்லும் குடும்பத்துக்கு இருபத்தைந்து முப்பது கிலோவுக்கு மேல் வராது. அவர்களுக்கு மெலிந்த சைக்கிள் சக்கரம் பூட்டிய சிறு வண்டி தாராளமாகப் போதும். ஐம்பது கிலோவைக் கடந்தால் வண்டியின் எலும்பும் மூட்டும் வேறு மாதிரியாக இருக்க வேண்டும். நூற்றைம்பது கிலோவைக் கடக்குமானால் ஒரே வண்டியாகச் செய்யாமல் இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஏற்றத்தில் அதை ஒருவர் நிறுத்திப் பிடிப்பது கடினம்.

சக்கரம்

சாலையோரத்தில் மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு விளிம்பு குறுக்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணிலிருந்து தார்ச்சாலையில் ஏறும் இடத்திலும், பேவர் பிளாக் பெயர்ந்த நடைபாதையிலும் அந்த உயரம் சாதாரணம். வண்டியை அச்சின் மட்டத்தில் மெதுவாக இழுத்து அதன்மேல் ஏற்ற எவ்வளவு இழுப்பு வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு சக்கரமாக இருந்தால், அதன்மேல் இருக்கும் எடைக்குச் சமமான இழுப்பு தேவைப்படுகிறது. கலவை அள்ளும் வண்டியின் சக்கரம்போல் முப்பத்தாறு சென்டிமீட்டர் இருந்தால் எடையில் மூன்றில் இரண்டு பங்கும், அறுபது சென்டிமீட்டர் சைக்கிள் சக்கரமாக இருந்தால் பாதிக்கும் குறைவும் போதும். எங்கள் முதல் வண்டியின் சக்கரம் இவை எல்லாவற்றையும்விடச் சிறியது. ஒவ்வொரு விளிம்பிலும் வண்டியைத் தூக்கித்தான் வைத்தோம் என்பதில் வியப்பில்லை.

அதற்காகச் சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகவும் முடியாது. 28 அங்குலச் சைக்கிள் சக்கரத்தைப் போட்டால் அச்சு உயர்ந்து, அதன்மேல் பெட்டி உட்கார்ந்தால் சரிவான ஓரத்தில் வண்டி கவிழப் பார்க்கும். எங்கள் வெல்டிங் பட்டறைக்காரர் இதை முதல் நாளே கேட்டார்: “அண்ணே, சக்கரம் பெருசாப் போட்டா பெட்டி ஒசந்துரும்ல? சாஞ்சா யாரு தாங்குறது?” அவர் சொன்னது சரி. பெட்டியின் அடித்தளம் அச்சின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ, சக்கரங்களுக்கு நடுவில் தொங்கும்படி சட்டத்தை அமைத்தால்தான் பெரிய சக்கரத்தின் பயனைப் பெற்று அதன் ஆபத்தைத் தவிர்க்க முடியும்.

சைக்கிள் சக்கரத்தில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. சைக்கிளின் முன்சக்கரம் இரண்டு பக்கமும் ஃபோர்க்கின் பிடியில் இருக்கிறது. அதன் மெல்லிய அச்சு அப்படித் தாங்கப்படுவதற்காகவே செய்யப்பட்டது. அதை ஒரு பக்கம் மட்டும் சட்டத்தில் பற்றவைத்து மறுபக்கத்தை அந்தரத்தில் விட்டால், நாற்பது கிலோ ஏறியதும் அச்சு வளைந்து, சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்து, டயர் பெட்டியின் பக்கவாட்டில் உரசத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்ளும் புறமும் ஒவ்வொரு குழாய் வருமாறு செவ்வகக் கூடு அமைக்கச் சொல்லுங்கள். வண்டி இரண்டங்குலம் அகலமாகும் என்று பட்டறையில் தயங்குவார்கள். ஆனாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரம் உள்ள நம் கைவண்டி திரும்பும்போது சக்கரத்தின்மேல் பக்கவாட்டு அழுத்தமும் விழுகிறது. சைக்கிளில் ஓட்டுபவர் சாய்ந்து அதைச் சமன் செய்கிறார். வண்டியில் அந்தச் சாய்வு இல்லாததால் ஸ்போக்ஸ் கம்பிகள்தான் முழுவதையும் தாங்க வேண்டும். கம்பி தடித்த ட்ரைசைக்கிள் சக்கரம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஐம்பது கிலோவுக்கு மேல் ஏற்றுபவர்களுக்கு நான் மனமாரச் சொல்வது பழைய மொபெட் சக்கரம். மதுரையில் உடைத்துப் போட்ட மொபெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. 2.50–16 என்று டயர் ஓரத்தில் அச்சிட்ட சக்கரங்களைத் தேடுங்கள். டயரோடு சேர்த்து விட்டம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் வரும். நான் மேலே சொன்ன விளிம்புக் கணக்கில் எடையில் பாதிக்குச் சற்று மேலான இழுப்பிலேயே ஏறிவிடும். டயர் அகலமாக இருப்பதால் ஓர மணலில் சைக்கிள் டயரைப்போல் புதையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் நடுவிலேயே டிரம் பிரேக் இருக்கிறது. இரண்டு சக்கரங்களையும் பிரேக் தட்டோடு சேர்த்து வாங்குங்கள். தட்டு சுழலாமல் சட்டத்தில் ஒரு பிடி பற்றவைத்து நிறுத்தினால்தான் பிரேக் பிடிக்கும் என்பதைப் பட்டறையில் நினைவூட்டுங்கள். சக்கரம் ஒவ்வொன்றும் சைக்கிள் சக்கரத்தைவிடக் கனமானது என்பது இதன் ஒரே குறை.

காற்றில்லாத கெட்டி ரப்பர் டயர் போட்டால் பஞ்சர் கவலை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. நம் பக்கத்துச் சாலையோரம் முழுவதும் சீமைக்கருவேல முள் இறைந்து கிடப்பதால் அந்த ஆசை புரிகிறது. ஆனால் கெட்டி டயர் ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியையும் இழுப்பவரின் இடுப்புக்கு அனுப்புகிறது. மூன்றாம் நாள் அந்த அதிர்ச்சியே வலியாகிறது. காற்று டயரே போட்டு, டியூபுக்கும் டயருக்கும் நடுவில் பழைய சைக்கிள் டயர் ஒன்றின் ஓரங்களை வெட்டிவிட்டு உள்வரிசையாக வைத்தால் முள் பெரும்பாலும் டியூபைத் தொடாது.

அச்சும் பேரிங்கும்

மொபெட் சக்கரத்தில் பேரிங் உள்ளேயே வந்துவிடுகிறது. கையால் சுழற்றிப் பார்த்து, கரகரவென்று சத்தம் வந்தால் மாற்றிவிட வேண்டும். புதிதாக அச்சு போடுபவர்கள் 20 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பியும் அதற்குப் பொருந்தும் 6204 எண் பேரிங்கும் வாங்கலாம். இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேளுங்கள், புழுதி உள்ளே போகாது. கம்பியின் எடையைப் பட்டறைக்காரர்கள் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள்: மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். இருபதுக்கு இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இருபத்தைந்து மில்லிமீட்டர் போட்டால் நான்கு கிலோவை நெருங்கும். நம் சுமைக்கு அது வீண்.

பற்றவைத்து முடித்தவுடன், பணம் கொடுப்பதற்கு முன், இரண்டு ரிம்களுக்கும் இடையிலான தூரத்தை அச்சு மட்டத்தில் முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் மூன்று மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். முன்னால் குறுகிப் பின்னால் விரிந்திருந்தால் இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று எதிர்த்துத் தேய்ந்துகொண்டே வரும். நூறு கிலோமீட்டரில் அது டயரையும் தின்றுவிடும், ஆளையும் தின்றுவிடும். சூடு ஆறும்போது இரும்பு இழுத்துக்கொள்வதால் நல்ல பட்டறையிலும் இந்தக் கோணல் வரக்கூடும். குறை சொல்லாமல் திருத்திக் கேட்டால் செய்து தருவார்கள்.

ஏர்க்காலும் இடுப்புப் பட்டையும்

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கூடாரத்தோடு வெளியே தங்கப் போகிறவர்கள் சக்கரமில்லாத சறுக்குவண்டியில் சாமான்களை வைத்து இழுத்துச் செல்கிறார்கள். நார்வே நாட்டவர் அதைப் புல்க் என்கிறார்கள். அவர்கள் கயிற்றால் இழுப்பதை விரும்புவதில்லை. கயிறு இழுக்க மட்டுமே உதவும். இறக்கத்தில் வண்டி வேகமெடுத்தால் கயிறு தொய்ந்து, வண்டி வந்து குதிகாலில் மோதும். அதனால் இடுப்புப் பட்டையிலிருந்து வண்டிக்கு இரண்டு விறைப்பான கம்புகளைப் பூட்டுகிறார்கள். கம்பு இழுக்கவும் செய்யும், தள்ளிப் பிடிக்கவும் செய்யும். நம் சாமான் வண்டிக்கும் இதே பாடம் பொருந்தும் என்பதை நாங்கள் இரண்டாம் ஆண்டில் பட்டுத் தெரிந்துகொண்டோம். கைப்பிடியைக் குட்டையாக வைத்துக் கயிறு கட்டி இழுத்ததில், கொடைரோட்டுக்கு முன்னால் ஒரு பாலத்து இறக்கத்தில் சட்டத்தின் முன்குழாய் எங்கள் குழுப் பெரியவர் ஒருவரின் குதிகாலைக் கிழித்துவிட்டது. செருப்பில்லாமல் நடந்த கால் அது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். அந்தக் கட்டில் ஊறிய ரத்தத்தைப் பார்த்த பிறகு நான் ஏர்க்காலின் அளவை யாருடைய ஊகத்துக்கும் விடுவதில்லை.

அளவு இதுதான். இழுப்பவர் இரண்டு கம்புகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். அவருடைய இடுப்பிலிருந்து பெட்டியின் முன்விளிம்பு வரை நான்கு அடி இடைவெளி இருந்தால், எவ்வளவு நீளமாக அடி எடுத்து வைத்தாலும் பின்னங்கால் சட்டத்தைத் தொடாது. ஐந்தடிக்கு மேல் போனால் கூட்டத்தில் திருப்புவது கடினமாகிவிடும். கம்புகளின் நுனி, இழுப்பவரின் இடுப்பெலும்பு உயரத்துக்கு வர வேண்டும். குழுவில் பலர் மாறி மாறி இழுப்பதால், மூன்று நான்கு துளைகள் போட்டு உயரத்தை மாற்றிக்கொள்ளும்படி அமைப்பது நல்லது. இந்த அளவுகளில் கம்பு அச்சிலிருந்து இடுப்புக்கு ஏறத்தாழ 20 டிகிரி சாய்வில் ஏறும். இழுக்கும்போது அந்தச் சாய்வு வண்டியைச் சற்றே மேல்நோக்கித் தூக்குவதால் சக்கரம் பள்ளத்திலிருந்து எளிதில் வெளிவருகிறது. அதே வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினால் சக்கரம் பள்ளத்தில் இன்னும் அழுந்தும். தள்ளுவதை நான் முற்றிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்றத்தில் ஒருவர் இழுக்க மற்றொருவர் பின்னால் கை கொடுப்பது அவசியம். நாள் முழுவதும் தள்ளியே செல்வதற்காக அமைத்த வண்டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பட்டையைக் கடையில் தேட வேண்டியதில்லை. பழைய காரின் சீட் பெல்ட் பட்டையை வாங்கிக்கொண்டு, பை தைப்பவரிடம் கொடுத்து, உள்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு ஸ்பாஞ்சு வைத்துத் தைத்து வாங்குங்கள். பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். வயிற்றில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டும். கம்பின் நுனியையும் பட்டையையும் இணைக்க, ஒரு கையால் சட்டென்று கழற்றக்கூடிய கொக்கி போடுங்கள். வண்டி சரிந்தாலோ பின்னால் ஏதேனும் வாகனம் வந்து உரசினாலோ ஆள் உடனே விடுபட வேண்டும். எக்காரணம் கொண்டும் பட்டையைக் கம்பில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். கொக்கிக்கும் பட்டைக்கும் நடுவில் சைக்கிள் டியூப் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தால், ஒவ்வொரு அடிக்கும் வரும் வெட்டு இழுப்பு அந்த ரப்பரில் அடங்கிவிடும்.

சட்டமும் பெட்டியும்

இதில் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அங்குலச் சதுரக் குழாய் போதும். கேஜ் என்பது தகட்டின் தடிமன் எண், எண் குறைந்தால் தடிமன் கூடும். 18 கேஜில் பத்து மீட்டர் குழாய் ஏறத்தாழ ஒன்பது கிலோவும், 16 கேஜில் பன்னிரண்டு கிலோவும் இருக்கும். சக்கரக் கூட்டுக்கும் ஏர்க்கால் சேரும் முன்குழாய்க்கும் 16 கேஜ் போட்டு, மற்ற இடங்களில் 18 கேஜ் போட்டுக்கொண்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். வெளி அகலம் இரண்டரை அடியைத் தாண்ட வேண்டாம், ஓர நடைபாதையில் போக இடமிருக்காது. பலகை அடித்த பெட்டிக்குப் பதிலாக, காய்கறிச் சந்தையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட் நான்கை உட்காரவைக்கும்படி சட்டம் அமைத்தால், எடை குறைவதோடு, இரவில் படுக்கைக் கிரேட்டை மட்டும் இறக்கிக்கொள்ளவும் வசதியாக இருக்கும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைக் கடந்து போகும் யாத்திரைக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நிறுத்தும்போது வண்டி முன்னால் குனியாமல் இருக்க, மடக்கும் கால் ஒன்று ஏர்க்காலின் அடியில் வேண்டும்.

பிரேக்கும் வெளிச்சமும்

திண்டுக்கல் மதுரையைவிட நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அறுபத்தைந்து கிலோமீட்டரில் பரவிய அந்த ஏற்றத்தைக் கால் உணர்வதில்லை. பாலங்களின் ஏற்ற இறக்கத்தைத்தான் உணரும். நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் உயரும் ஏற்றத்தில், 115 கிலோ உள்ள வண்டி மூன்றரைக் கிலோ எடைக்குச் சமமாகப் பின்னோக்கி இழுக்கும். இறங்கும்போது அதே அளவு முன்னோக்கித் தள்ளும். களைத்த இடுப்புக்கு இது பெரிய வேலை. டிரம் பிரேக் இருந்தால் கம்பி இழுவையை ஏர்க்காலுக்குக் கொண்டுவந்து பிடி பொருத்துங்கள். இல்லையென்றால் வண்டியின் பின்னால் எட்டடிக் கயிறு கட்டி, இறக்கம் வருமுன் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கட்டும். “சாமி, எறக்கம் வருது, பின்கயித்தப் பிடிங்க” என்று முன்னாலிருந்து குரல் கொடுப்பது எங்கள் குழுவில் பழக்கமாகிவிட்டது. நிற்கும்போது சக்கரத்துக்கு அடைகொடுக்க இரண்டு மரக்கட்டைகளைக் கயிற்றில் கட்டிச் சட்டத்திலேயே தொங்கவிடுங்கள். இருட்டில் கல் தேட வேண்டியிருக்காது.

நான்கு வழிச்சாலையில் இரவில் லாரி ஓட்டி வருபவருக்கு, தரையோடு தாழ்ந்த ஒரு வண்டி கடைசி நொடி வரை கண்ணில் படாது. பின்பக்கம் முழு அகலத்துக்கும் சிவப்பு ஒளிர்பட்டை, பக்கங்களில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று லாரிகளுக்கு ஒட்டுவதைப்போலவே ஒட்டுங்கள். சைக்கிளுக்கு விற்கும் சிவப்பு மின்னும் விளக்கு ஒன்றைப் பின்னால் நெஞ்சு உயரத்தில் ஒரு குச்சியில் கட்டுங்கள். சர்வீஸ் சாலை இருக்கும் இடமெல்லாம் அதிலேயே செல்லுங்கள், சுற்றாக இருந்தாலும். வண்டிக்குப் பின்னால் எப்போதும் ஒருவர், ஒளிரும் சட்டை அணிந்து, டார்ச்சோடு நடக்க வேண்டும். இந்தச் செலவில் மிச்சம் பிடிப்பவர்களோடு நான் சேர்ந்து நடக்க மாட்டேன்.

சாமான் அடுக்குவது

கனமானது கீழே, அச்சுக்கு நேர் மேலே. தண்ணீர்க் கேனை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்து, கம்பளிகளைப் பின்னாலும் மேலும் அடுக்குங்கள். பிறகு கைத்தராசின் கொக்கியை ஏர்க்காலின் நுனியில் மாட்டித் தூக்கிப் பாருங்கள். ஐந்து கிலோவை ஒட்டிக் காட்டினால் சரி. பத்தைத் தாண்டினால் இடுப்பு அழுந்தும், சுமையைப் பின்னால் நகர்த்த வேண்டும். பூஜ்யமாக இருந்தால் ஏற்றத்தில் ஏர்க்கால் மேலே எழும்பி ஆளைத் தூக்கப் பார்க்கும், சுமையை முன்னால் நகர்த்த வேண்டும். தண்ணீர் குறையக் குறைய இந்தச் சமநிலை மாறும் என்பதால், கேனை நிரப்பும்போதும் பாதி காலியானபோதும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயைக் கடைசியில் மேலே போர்த்தி, அதன் நுனி எதுவும் சக்கரத்தை நோக்கித் தொங்காதபடி கட்டுங்கள்.

ஒத்திகை

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னதாகவே வண்டி தயாராகிவிட வேண்டும். முழுச் சுமையோடு திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் விடியற்காலையில் இரண்டு சுற்று இழுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். தார்ச்சாலையில் சமதளமான ஓரிடத்தில், தராசின் கொக்கியை ஏர்க்காலில் மாட்டி மெதுவாக இழுத்து, வண்டி சீராக உருளும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நூறு கிலோ அளவிலான வண்டிக்கு ஒன்றிலிருந்து மூன்று கிலோவுக்குள் இருந்தால் நல்ல வண்டி. அதற்கு மேல் காட்டினால் முதலில் காற்றையும், பிறகு பிரேக் உரசுகிறதா என்பதையும், பிறகு பேரிங்கையும், கடைசியாக நான் மேலே சொன்ன ரிம் இடைவெளியையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். அதன்பின் வைகைக் கரையில் மணல் பாங்கான இடத்தில் இருபது அடி இழுத்துப் பாருங்கள். தராசு பல மடங்கு கூடிக் காட்டும். வழியில் ஓர மணல் வந்தால் எத்தனை பேர் கைகொடுக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். குழுவிலேயே உயரம் குறைந்தவரையும் வயதில் மூத்தவரையும் ஆளுக்கு அரை மணி நேரம் கட்டாயம் இழுக்கச் சொல்லுங்கள். இளைஞர்களின் இழுப்பை வைத்து வண்டியை மதிப்பிட்டால், மூன்றாம் நாள் இரவில், ஆயக்குடிக்கு முன்னால், கால்கள் சோர்ந்த நேரத்தில் அது தவறான மதிப்பீடு என்று தெரியவரும். ஒத்திகை முடிந்ததும் எல்லா நட்டுகளும் ஒரு சுற்றாவது தளர்ந்திருக்கும். இறுக்கிவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள்; வழியில் கோடு விலகியிருந்தால் டார்ச் வெளிச்சத்திலேயே தெரியும்.

கருவிப் பையில் டியூப் ஒன்று, ஒட்டுத்துண்டும் சொல்யூஷனும் உப்புத்தாளும், டயர் நெம்பும் கம்பி இரண்டு, கைப்பம்பு, நட்டுக்கேற்ற ஸ்பானர்கள், கட்டுக்கம்பி, சிறு டப்பாவில் கிரீஸ். முள்ளைப் பிடுங்க ஒரு குறடு. இவ்வளவு போதும்.

பழனிக்குப் போய்ச் சேர்ந்தபின் வண்டி என்ன ஆகும் என்பதையும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். திரும்பும் வேனின் மேல்கட்டில் ஏற வேண்டுமானால் சக்கரங்களும் ஏர்க்காலும் கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். பற்றவைப்பதற்குப் பதிலாகப் போல்ட்டும், அதில் நழுவாதிருக்க ஊசிப்பின்னும் கேட்டு வாங்குங்கள். வீடு திரும்பியதும் சக்கரங்களைக் கழுவி, ஈரம் காய்ந்தபின் அச்சுக்குக் கிரீஸ் தடவி, டயரில் பாதிக் காற்றை வைத்து, தரையில் நிற்கவிடாமல் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். நான்காம் ஆண்டாக அதே இரண்டு டயர்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.